மேரெசெய்னியின் பானை மூடி

சவுசவு என்கிற அந்தத் தீவு ஊரில் எந்த வீட்டுச் சமையலும் ரகசியமில்லை. ஊர் விடுதிக்குப் பின்னால் கொதிக்கிற வெந்நீர் ஊற்றில் பானையை இறக்கி, சாக்கைப் போர்த்தி, மேலே கல்லை வைத்துவிட்டுப் போனால், போகிறவன் வருகிறவன் எல்லாம் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பான். என்ன அவசரமோ! ஆவியெல்லாம் போய், கிழங்கு விறைத்துக் கிடக்கும். சந்தையில் இருபது வருடமாக நண்டு விற்கும் மேரெசெய்னிக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் போதகர் நெமானிக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு போடும் முறை அவள் வீட்டுக்கு வந்தது. சேம்பங்கிழங்கு அரைவேக்காடு. மரியாதைக்காக மறுக்காமல் தின்ற மனிதருக்குத் தொண்டை அரித்து, மாலை ஆராதனையில் பிரசங்கம் பாதியில் நின்றது. சர்ச்சே திரும்பி மேரெசெய்னியைப் பார்த்தது. ஊர் விருந்துக்கெல்லாம் சமைத்தவளை அதன்பிறகு பாத்திரம் கழுவத்தான் விட்டார்கள். அவமானம் தாங்காமல் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

இன்று மறுபடியும் அவள் முறை. இதுவும் சொதப்பினால் சாகிறவரை பாத்திரம்தான். விடிந்ததும் பானையை இறக்கிவிட்டு, குடையோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பாய்மரப் படகில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி, கேமராவும் கையுமாக. குடையை நீட்டி விரட்டினாள். அடுத்து நாத்தனார் லவேனியா, ஆறு முட்டையோடு.

"அண்ணி, உங்க பானையில கொஞ்சம் இடம் குடுங்களேன்."

"துணியில கட்டி ஊத்துலயே தொங்க விடு. மூடியத் தொட்டே, கைய உடைச்சிடுவேன்!"

"ஏன் இப்படி எரிஞ்சு விழறீங்க? வெந்துடுச்சான்னு பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படிடி வேகும்?"

லவேனியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். சாக்கு நழுவிக்கொண்டே இருந்ததால், கனமான கல்லாக ஒன்று எடுத்துவர மேரெசெய்னி கடலோரம் போனாள். இரண்டே நிமிடம். திரும்பி வந்தால், பானைமேல் ஒரு முதுகு குனிந்திருக்கிறது. மூடி கையில்.

"அடேய், ஒனக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று குடையால் அந்த முதுகில் ஒன்று வைத்தாள்.

திரும்பியவர் போதகர் நெமானி. ஆராதனைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. மூடியை மெதுவாக மூடினார்.

"கோவிச்சுக்காதம்மா. இந்தப் பக்கம் வந்தாலே வாசனை இழுக்குது. மதியத்துக்கு என்னன்னு பாக்காம இருக்க முடியல. எப்பவும் பாக்குறதுதான்."

"எப்பவும்னா?"

போதகர் ஊற்றைப் பார்த்தார். "போன வருஷம்கூட மூணு தடவ பாத்தேன்."

மேரெசெய்னி கல்லைத் தொப்பென்று போட்டாள். ஒரு வருடக் கோபம் அழுகையாக உடைந்தது.

"ஒரு வருஷமா பாத்திரம் தேய்க்கிறேன், ஐயா! ஒரு வருஷமா! போய் இத சர்ச்சுல எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நான் பானைய விட்டு நகர மாட்டேன். இங்க வரைக்கும் கேக்கணும்."

"பிரசங்கத்துலயா?"

"பிரசங்கத்துலதான். நீங்க மூடியத் திறந்ததுல கிழங்கு வேக இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். நீட்டியே பேசுங்க."