எஸ்தர் அக்கா பேச்சை நிறுத்திய இடம்

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வரப்பில் நின்றிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் அக்காவின் தம்பி பேசினார். “அண்ணே, அக்கா காலையில தவறிட்டாக. தூக்கத்துலயே” என்றார். போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். ஜெயமங்கலத்துக் காலைப்பனி தென்னைகளை விட்டு விலகாமல் கிடந்தது. மடையில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் அக்கா எங்கேயோ தூரத்து மைக்கில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. என்ன பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கூடக் கேட்டேன். அது வெறும் தண்ணீர்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தேனி, கம்பம் பக்கம் பட்டிமன்றம் கேட்டவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் போடி பஜாரில் தன் குடும்பத்துப் பாத்திரக்கடையில் குடமும் குண்டாவும் விற்பார். சாயங்காலம் மேடையேறுவார். கோயில் திருவிழா, சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை, சங்கத்து ஆண்டு விழா எதுவானாலும் சரி. இருபது வருஷத்துக்கு மேல் நானும் அவரும் எதிரெதிர் அணி. எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுகிற வாய் இரண்டு பேருக்கும். மேடையில் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். இறங்கியதும் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றித் தருவார்.

அக்காவுக்கு ஒரே மகள், மெர்சி. கனடாவில் நர்ஸ் வேலை. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அடக்கம் முடிந்த மறுவாரம் நாங்கள் பேச்சாளர்கள் சேர்ந்து போடியில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தோம். கூட்டம் தொடங்குமுன் அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“மாமா, அம்மா என்னைய ஒரு நாளும் வான்னு கூப்பிட்டதில்ல. போன் பண்ணுனா ‘அங்கனயே நல்லா இரு’ம்பாக, வச்சிருவாக. நான் தூரத்துல இருந்ததுதான் அவுகளுக்கு நிம்மதியா? ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?”

எனக்குப் பதில் தெரியும். அக்கா ஏன் கூப்பிடவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்வதில்லை என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்படியெல்லாம் இருக்காது தாயி என்று எதையோ சொல்லி மழுப்பிவிட்டு மேடையேறிவிட்டேன். பேசிப் பேசியே காலம் தள்ளியவனுக்கு மழுப்பச் சொல்லியா தர வேண்டும்?

மேடையில் அக்காவின் பேச்சுத் திறமையைப் பற்றிப் பேசினேன். ஒரு தடவை தேனியில் வியாபாரிகளுக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடந்தது. எனக்கு எதற்கு அது? ஆனாலும் போனேன். அங்கே கொடுத்த தாளை அக்காவின் கடைக்கு எடுத்துப் போனேன். மேடை நடுக்கம், அவையறிதல், கண்பார்வை, குரலின் ஏற்ற இறக்கம், இடைநிறுத்தம், முடிவுரை என்று வரிசையாகப் போட்டு எதிரே விளக்கமும் போட்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல வாசித்தார். நடுக்கத்தைப் போக்க வழிகள் என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். “அதை எதுக்குப் போக்கணும்? எனக்கு இன்னைக்கும் கை நடுங்குது தம்பி. நடுங்காதவன் பேசுறத எவன் கேப்பான்?” என்றார். சபையைப் பார்க்கப் பயமாக இருந்தால் தலைகளுக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. கடைக்கு வருகிறவர் குடத்தைப் பார்ப்பதைவிட எடுத்துக் கொடுப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார், அந்த நேரம் நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாவாரம் ஆகுமா என்று கேட்டார். ஏற்ற இறக்கத்துக்கு ஒரு குடத்தை எடுத்துச் சுண்டிக் காட்டினார். ஓங்கி அடித்தால் எல்லாக் குடமும் ஒரே சத்தம்தான் போடும், மெல்லச் சுண்டினால்தான் எது கனம், எது வெறும் தகடு என்று தெரியும் என்பது அவர் கணக்கு. அதற்குள் கல்யாணச் சீர்ப் பாத்திரம் எடுக்க ஒரு குடும்பம் வந்துவிட்டது. மிச்சத் தாளை அவர் வாசிக்கவே இல்லை.

ஓடைப்பட்டியில் நடந்ததையும் சொன்னேன். அறுவடைக்கு முந்திய வாரம் மழை பிடித்த வருஷம் அது. நான் ஒரு சிரிப்புக் கதையை மெருகேற்றிக்கொண்டு நேரே மேடைக்குப் போய்விட்டேன். அக்கா வழக்கம்போல் ஒரு மணி நேரம் முந்தியே வந்து, கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்து கதை பேசிவிட்டு என்னிடம் வந்தார். “திராட்சை பூராம் பந்தல்லயே வெடிச்சுப் போச்சாம். இன்னைக்கு மொத அஞ்சு நிமிஷம் சிரிப்புக் காட்டாத” என்றார். தாளில் போட்டிருந்த அவையறிதல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கூட்டத்தில் இதற்கெல்லாம் நல்ல கைதட்டல். முதல் வரிசையில் மெர்சி மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு நாளில் அவள் விமானம் ஏறிவிட்டாள். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொங்கல் சமயம் எங்களுக்கு மூன்று நாளில் நான்கு மேடை. பெற்றவர்களுக்கு நிம்மதி பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதா, தூரத்தில் சிறப்பாக இருப்பதா என்பது தலைப்பு. தலைப்பு ஒன்றுதான், ஊருக்கு ஊர் பக்கம் மட்டும் மாறும். முந்தின நாள் உத்தமபாளையத்தில் நான் ‘தூரம்’ பேசினேன். மாட்டுப் பொங்கலன்று பிற்பகல் சின்னமனூரில் எனக்குப் ‘பக்கம்’, அக்காவுக்குத் ‘தூரம்’. சின்ன மேடை, அணிக்கு ஒருவர்தான். யார் எந்த அணி என்று எங்கள் நடுவர் ஐயா அறிவிக்க மாட்டார், பேச்சாளரே தன் வாயால் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மயக்கத்தில் எழுந்து போன நான், முந்தின நாள் பேச்சை அப்படியே எடுத்து விரித்துவிட்டேன். “தூரமே!” என்று முழங்கியும் விட்டேன்.

ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும். தற்செயலாகத் திரும்பினேன். அக்கா தன் குறிப்புத் தாளை மடித்து, மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அணி மாறிப் பேசினவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் எந்த ஊரில் கூப்பிடுவார்கள்? ஊர் சிரிப்பாய்ச் சிரித்துவிடாதா? அக்கா மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, பேசு என்பதுபோலத் தலையசைத்தார். நடுவர் அவரைப் பார்த்தார். அவருக்கும் ஒரு தலையசைப்பு. ஐயா பேனாவை எடுத்துத் தன் தாளில் எங்கள் இரண்டு பெயரையும் அடித்து மாற்றி எழுதிக்கொண்டார். அந்த ஐயாவும் இப்போது இல்லை.

அக்கா கையில் தாள் இல்லாமல் எழுந்தார். வழக்கமான வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை.

“பொங்கலுக்கு எம் மக வரல. மூணாவது வருசம்” என்றார்.

அவ்வளவுதான், நிறுத்திவிட்டார். மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின. வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் சலங்கைச் சத்தம் வந்து, தேய்ந்து, போய்விட்டது. அந்தப் பிற்பகல் வெளிச்சமும் அந்த மௌனமும் எனக்கு இன்றும் கனவில் வருகின்றன. கனவில் அவர் திரும்பப் பேசுவதே இல்லை. அன்று பேசினார். “நாந்தான் அனுப்பி வச்சேன். சிரிச்சுக்கிட்டே அனுப்புனேன். அனுப்பிட்டுக் கடைக்கு வந்து ஒரே குடத்தை நாலு தடவ தொடச்சேன். போன்ல குரல் வருது, நான் இல்லைங்கல. காச்சல்னு சொன்னா நெத்தியில கை வச்சுப் பாக்க முடியலையே.” இப்படியே பேசிக்கொண்டு போனார். எதுவும் ஜோடனை இல்லை. கூட்டத்தில் ஆண்களே முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். தீர்ப்பு ‘பக்கம்’ என்றுதான் வந்தது. எனக்கும் நல்ல பெயர். எதிர் அணியை இவ்வளவு தூரம் பேச வைத்துவிட்டீர்கள் என்று என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன் என்பதையும் இன்று ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. காரில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, தொழில்புத்தி விடுமா, அவ்வளவு நீளமான இடைநிறுத்தத்தை எப்படித் துணிந்து வைத்தீர்கள் என்றும் கேட்டேன்.

“நான் எங்க வச்சேன்? வார்த்தை வரல தம்பி” என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். போடிக்குத் திரும்பும் விலக்கு ரோடு வரும்போது மூடிய கண்ணோடே சொன்னார்.

“நான் கூப்பிட்டா அவ அன்னைக்கே எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவா. அதனாலதான் கூப்பிடுறதில்ல. இன்னைக்குப் பேசுனது அவ காதுக்குப் போகக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். இன்று மீறுகிறேன். அக்கா என்னைத் திட்டட்டும், மேடையில் திட்டின மாதிரியே நாலு பேர் பார்க்கத் திட்டட்டும். மகளின் வேலையும் வாழ்க்கையும் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தச் சத்தியம். இப்போது அந்தப் பிள்ளையின் மனசு அல்லவா கெட்டுக் கிடக்கிறது?

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்தப் பேச்சின் முடிவு. இத்தனை வருஷம் அதை என்னுடையது மாதிரி வைத்திருந்தேன். அது உன்னுடையது மெர்சி, வாங்கிக்கொள். உன் அம்மா அன்று முடிவுரை சொல்லவில்லை. தொகுத்துச் சொல்வார், நன்றி சொல்வார் என்று நடுவர் மணியில் கை வைத்துக் காத்திருந்தார். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை. “வந்துரு தாயி” என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

மண்டபம் முழுக்க அதைக் கேட்டது. நீ ஒருத்திதான் கேட்கவில்லை.