கெலிண்டானின் கல்லீரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் நடந்தது இது. கிள்ளானில் என் வீட்டில் அப்போது நானும் என் நாயும் மட்டும்தான். மனைவி ஜொகூரில் மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள். மூன்று மாதம் என்று சொல்லிப் போனது இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். “சாப்பிட்டீங்களா?” என்பாள். “சாப்பிட்டேன்” என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

நான் பாரம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பது வருடம் லோரி ஓட்டினேன். கடைசிப் பத்து வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் வேலை. இந்த நாய் பந்திங் பக்கம் குலை ஏற்றும் இடத்தில், லோரி டயருக்கு அடியில் படுத்துக் கிடந்த குட்டி. தூக்கிப் பக்கத்து சீட்டில் போட்டேன், ஏழு வருடம் அங்கேயே உட்கார்ந்து வந்தான். லோரியில் டிரைவருக்கு உதவியாக வருகிற ஆளை நாங்கள் கெலிண்டான் என்போம். “ஓய், ஒங்க கெலிண்டானுக்கு ஓவர்டைம் உண்டா?” என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் அடித்து அடித்து அதுவே அவன் பெயராகிவிட்டது. என் இடுப்பு கெட்டுப்போய் நான் லோரியை விட்டபோது அவனும் விட்டான். மழை வந்தால் எனக்கு இடுப்பு வலிக்கும், அவனுக்குப் பின்னங்கால் வலிக்கும். வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து முனகிக்கொண்டு கிடப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தவன். கேஸை மூடிவிட்டேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். கேட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது.

கெலிண்டான் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் படுக்க ஆரம்பித்தான். நான்காம் நாள் அவன் கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. அன்றைக்கே நாய் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார்.

“மருந்து ஏதாவது குடுக்கிறீங்களா அங்கிள்?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“எலி மருந்து, செடி கிடி ஏதாச்சும் தின்னுருப்பானா?”

“தெரியல.”

அவனை ஓரிரு நாள் அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மனசு வரவில்லை, வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்றேன். அப்படியானால் கல்லீரலுக்குத் துணையாக ஒரு சத்து மருந்து கொடுங்கள், பத்து நாளில் மறுபடி இரத்தம் பார்க்கலாம், அதற்குள் மோசமானால் உடனே வாருங்கள் என்றார். அவரிடம் அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஒரு தாளில் பெயரை எழுதி, பெட் ஷாப்பில் கிடைக்கும், அது இல்லாவிட்டால் இந்த மூலிகை சேர்ந்தது எதையாவது கேளுங்கள் என்று கீழே இன்னொரு பெயரும் எழுதிக் கொடுத்தார்.

பெட் ஷாப்புக்குப் போனால் அந்த முதல் பெயர் இல்லை. மற்றது ஒரு அலமாரி நிறைய இருந்தது. மாத்திரை, பொடி, சொட்டு மருந்து, கோழி வாசனை போட்ட பசை. எல்லா பாட்டில் மீதும் சிரிக்கிற நாய், ஊதா நிற முள் பூ. பின்னால் எறும்பு மாதிரி ஆங்கில எழுத்து. தாளில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பார்த்தால் ஐந்து பாட்டிலில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. எதை எடுப்பது? குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் வேறு ஏதாவது ஆகிவிடுமோ? ஐந்தையும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கட்டை விரல் தூக்கிய படம் ஒன்று பதிலாக வந்தது. எதற்குக் கட்டை விரல் என்று தெரியவில்லை. ஒரு பொடியை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று முழுக்க, மற்றதை எடுத்திருக்க வேண்டுமோ என்றே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் போய் ஒரு சொட்டு மருந்தும் வாங்கினேன். அதற்கு அடுத்த நாள் கொமுட்டர் ரயில் ஏறி, நம் ஆட்கள் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் போனேன். நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தில் மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லிதான். நாட்டு மருந்துக் கடையில் பொடி கேட்டேன்.

“யாருக்குண்ணே, ஒங்களுக்கா?”

“நாய்க்கு.”

கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். “பத்தியம் இருக்கணுமே. ஒங்க நாய் இருக்குமா?”

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன், மனிதர்களோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று. கணக்கு பிடிபடவில்லை.

கீழாநெல்லியைக் கொடுத்த அன்று கெலிண்டான் நுரை நுரையாக வாந்தி எடுத்தான். அதோடு அதை நிறுத்தினேன். ஆனால் அவன் தேறவில்லை. கண் இன்னும் மஞ்சளானது. டாக்டர் எலி மருந்து என்று கேட்டது என் தலைக்குள் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை, நாய் குரைப்பதால் தூங்க முடியவில்லை என்று சொல்லியிருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று முடிவே செய்துவிட்டேன். வேலியோரம் பழைய தகரத்தை நிறுத்தி மறைத்தேன். அவர் தலையாட்டினால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

எட்டாம் நாள் மறுபடி பெட் ஷாப்புக்குப் போனேன். வீட்டில் விட்டுப் போக மனசில்லாமல் கெலிண்டானையும் காரில் கூட்டிப் போயிருந்தேன். கல்லாவில் எப்போதும் இருக்கும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

“என்னா அங்கிள், வாங்க வரீங்களா, இல்ல பாட்டிலப் பார்த்துட்டுப் போக வரீங்களா?”

நான் அலமாரியில் மிச்சமிருந்ததில் பெரிய பாட்டிலை எடுத்துக் கல்லாவில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை.

“பொடி வாங்குனீங்க, சொட்டு வாங்குனீங்க. இது மூணாவது. எல்லாம் ஒரே சாமான்தான் அங்கிள், வேற வேற சட்டை போட்டிருக்கு. நாய் எப்படி இருக்கு?”

“கார்ல இருக்கான். எழும்ப மாட்டறான்.”

கல்லாவைப் பூட்டிவிட்டு மழைத் தூறலில் என்னோடு காருக்கு வந்தார். முன் சீட்டில் கிடந்தவனின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கடைக்குள் கூட்டி வந்து, மீன் தொட்டிப் பக்கம் இருந்த ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்.

“அங்கிள், காலைல எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் அது வாய்க்குள்ள போற எல்லாத்தையும் சொல்லுங்க. தண்ணியில இருந்து ஆரம்பிங்க. அவசரம் இல்ல.”

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஆறு மணிக்கு எழுந்து கோப்பி கலக்குவேன். அவன் வாசல் கதவுப் பக்கம் படுத்திருப்பான். அவனுக்குத் தண்ணீர் மாற்றுவேன். ரொட்டித் துண்டு ஒன்று கொடுப்பேன். பிறகு இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்போம். அவர் கேட்டதற்கு மேலேயே சொல்லிக்கொண்டு போனேன் என்று நினைக்கிறேன். டிவியில் என்ன பார்ப்போம் என்றுகூடச் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. மத்தியானம் சோறும் கோழியும், இப்போது அதைத் தொடுவதில்லை. சாயந்தரம் மறுபடி ரொட்டி.

“சோத்தத் தொடாத நாய், ரொட்டிய மட்டும் எப்படித் திங்குது?”

“நாந்தான் வாயைத் திறந்து ஊட்டி விடுவேன். இல்லேன்னா மாத்திரை உள்ள போவாது.”

“என்னா மாத்திரை?”

“காய்ச்சல் மாத்திரைதான். கால் வலிக்கு. நான் ஒண்ணு போடுவேன், அவனுக்கு ஒண்ணு ரொட்டிக்குள்ள வைப்பேன்.”

சொல்லும்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. லோரி ஓட்டுகிறவர்கள் சட்டைப் பையில் சிகரெட் இருக்கிறதோ இல்லையோ, பாராசிட்டமால் அட்டை இருக்கும். இடுப்புக்கு, தலைவலிக்கு, வெயிலுக்கு, தூக்கம் கெட்டதுக்கு என்று கோப்பியோடு முழுங்குவோம். அதை யாரும் மருந்து என்று கணக்கில் சேர்த்ததில்லை. கெலிண்டான் கால் இழுக்க ஆரம்பித்தபோது பாதி கொடுத்தேன். மழை பிடித்ததும் காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. இரண்டு பேரும் லோரி உடம்புதானே, எனக்குக் கேட்பது அவனுக்கும் கேட்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பாட்டிலை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

“அங்கிள், இத இன்னிக்கு ஒங்களுக்கு விக்க மாட்டேன். அந்த மாத்திரைதான் அது கல்லீரலத் திங்குது. நீங்க ஒரு கையால தண்ணி ஊத்தறீங்க, இன்னொரு கையால நெருப்பு வைக்கிறீங்க. எந்திரிங்க, டாக்டர்கிட்டப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்.”

எழுந்திருக்க முடியவில்லை. கார் சாவியை எடுத்து அவரிடமே நீட்டினேன். என் கையால், தினமும் இரண்டு வேளை, அவன் முகத்தைப் பார்த்துத் தடவிக் கொடுத்துக்கொண்டே செய்திருக்கிறேன். அந்தப் பெண் கடையைச் சாத்திவிட்டு, என் காரை அவரே ஓட்டினார். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. வெக்கப்பட்டு விட்றாதீங்கலா.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொண்டார். “மருந்துன்னு பொதுவா கேட்டுட்டேன், இந்த மாத்திரையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்” என்று தன் மேலும் கொஞ்சம் பழியைப் போட்டுக்கொண்டார். அது எனக்காகச் சொன்னது என்று தெரிந்தது. இந்தத் தடவை அவர் கேட்கும் முன்பே கெலிண்டானை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

ஐந்து நாள் கெலிண்டான் அங்கே குளுக்கோஸ் ஏறிக் கிடந்தான். ஐந்து நாளும் வீட்டில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். காலையில் பழக்கத்தில் இரண்டு ரொட்டி எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். மூன்றாம் நாள் தகரத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது.

“என்னண்ணே, ஒங்காளு சத்தத்தையே காணோம்? ஒடம்புக்கு முடியலையா?”

கிளினிக்கில் இருப்பதைச் சொன்னேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் உள்ளே போய் ஒரு தட்டில் மீகூன், அரிசிச் சேமியா பிரட்டல், கொண்டு வந்து, தகரத்தின் மேலாகவே நீட்டினார். அதை வாங்கிய கை கூசியது. சாயந்தரமே அந்தத் தகரத்தை எடுத்துவிட்டேன்.

கெலிண்டான் பிழைத்துக்கொண்டான். கூட்டி வரும்போது டாக்டர் ஒரே ஒரு சத்து மாத்திரை கொடுத்தார், நாய்க்கென்று செய்தது. காலுக்கு வேறு மருந்து, கல்லீரல் தேறிய பிறகு பார்க்கலாம் என்றார். “இது துணைக்குத்தான் அங்கிள். கெடுக்கறத நிறுத்துனதுதான் பெரிய வைத்தியம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி போன் செய்து சாப்பிட்டீங்களா என்றாள். வழக்கம்போல ஆமாம் என்று சொல்லப் போனவன், நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன். எலி மருந்து வைத்ததாகப் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டது உட்பட. 

“நான் அங்க இருந்திருந்தா மொத நாளே கேட்டிருப்பேனேங்க, நாய்க்கு எதுக்கு மாத்திரைன்னு,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

அது உண்மை. வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், சும்மா அந்தப் பக்கம் போகும்போது பார்த்திருந்தால் போதும், அது நடந்திருக்காது. கேஸை மூன்று தடவை பார்க்கிற எனக்கு, ரொட்டிக்குள் இருந்தது தெரியவில்லை.

மனைவி இன்னும் ஜொகூரில்தான் இருக்கிறாள். கெலிண்டான் கிழவனாகிவிட்டான், கால் இழுத்து இழுத்து நடக்கிறான். இப்போதெல்லாம் போன் வந்தால், காலையிலிருந்து அவன் தின்றது, நான் தின்றது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். “ரொட்டிக்குள்ள என்னா வச்சீங்க?” என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். “ரொட்டிக்குள்ள ரொட்டிதான்” என்கிறேன். மீன் தொட்டிப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, அவசரம் இல்லை என்று சொல்லி, என்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்ட அந்தப் பெண்ணை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அவர் நாயைப் பற்றித்தான் கேட்டார், ஆனாலும் அத்தனை மாதங்களில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.