வெல்டா தள்ளினால்தான் ஓடும்

முன்னால் நிற்கிற வண்டியைத் தொடுவதற்கு முன் வெல்டா ஹஃப்மன் அதை ஓட்டுகிறவனின் பிடரியைப் பார்ப்பாள். முகத்தைப் பார்க்க வழியில்லை. அவளுடைய பிக்கப் டிரக் பின்னால் நிற்கிறது. தலைக்கவசத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இரண்டு விரல் அகலச் சதைதான் கண்ணில் படும். அது விறைத்திருந்தால் பயம். சிவந்து வியர்த்திருந்தால் முந்தின ராத்திரி பீர். தளர்ந்து அமைதியாக இருந்தால் சரி, போகலாம். "மூஞ்சி பொய் சொல்லும். பிடரிக்கு அந்தத் தெறமை கெடையாது" என்பாள். சொல்லிவிட்டு, தூங்குகிற நாயைத் தாண்டுகிறவளைப் போல மெல்ல டிரக்கை நகர்த்தி, பழைய டயர் ரப்பர் அடித்த பம்பரை அந்த வண்டியின் வாலில் ஒட்டவைப்பாள்.

அந்தப் பழைய பந்தய வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. கிளட்ச் கிடையாது. கதவு கிடையாது, கூரை கிடையாது. ஓட்டுகிறவனுக்குப் புத்தியும் கிடையாது என்பது வெல்டாவின் கட்சி. பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். கியரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், சக்கரம் சுழன்று எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் எழும்பியதும் சுவிட்சைத் தட்டுவான். என்ஜின் இருமும், தும்மும், பிறகு பிடித்துக்கொள்ளும். பிடித்த அந்த நொடியில் தள்ளுகிற டிரக் ஒதுங்கிவிட வேண்டும். தள்ள யாராலும் முடியும், ஒதுங்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, சோளம் காய்ந்து சலசலக்கிற செப்டம்பரில், இண்டியானா மாநிலத்தின் இந்தக் கண்காட்சித் திடலில் அப்படிப்பட்ட வண்டிகள் கூடும். முட்டை வடிவ மண் தடம், சுற்றிவர மரப்பலகை வேலி, சாயம் போன பார்வையாளர் மேடை. பந்தயம் என்று பேர் கிடையாது. வரிசையாகச் சில சுற்றுகள், யாரும் யாரையும் முந்தக் கூடாது என்று காலையில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கிழவர்கள் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். என்ஜின் சத்தம் காதில் விழுந்ததும் அந்தப் பவ்யம் காற்றோடு போய்விடும். ஒரு காலத்தில் இதே தடத்தில் ஒருவரையொருவர் வேலியில் மோதவிட்டவர்கள் அவர்கள். பழைய கணக்கு எதுவும் தீர்ந்தபாடில்லை.

வெல்டாவுக்கு எழுபத்து நான்கு வயது. இடது முழங்கால் மழைக்கு முன்னால் தெரிவிக்கும், மழைக்குப் பின்னாலும் தெரிவிக்கும். இருக்கையில் தேவாலயத்துப் பழைய மெத்தை ஒன்றைப் போட்டிருக்கிறாள். முன்கண்ணாடி ஓரம் வயிற்றெரிச்சல் மாத்திரை டப்பா. பக்கத்தில் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்ப ஒரு காகிதக் குவளை. மதியத்துக்குப் பன்றி வறுவல் ரொட்டி. ரொட்டியை விட இறைச்சி இரண்டு மடங்கு பெரிது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஓரங்களை முதலில் வட்டமாகக் கடித்துத் தீர்த்துவிட்டு, ரொட்டி வந்ததும் அலுத்துப்போய் வைத்துவிடுவாள்.

அவளுக்கு வண்டி பிடிக்காது. சத்தம் பிடிக்காது. பல்லுக்குள் போய் நறநறக்கிற தூசி பிடிக்கவே பிடிக்காது. முன்பு தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வருஷம் முதுகு பிடித்துக்கொண்டது. "ஒரு நாளைக்குத்தானே" என்று சாவியை வாங்கினாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன். அது இன்னும் மடியிலதான் இருக்கு" என்பாள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். "அப்போ பின்னாடி கத்துற பிள்ளைங்க. இப்போ முன்னாடி கத்துற கெழவனுங்க. சம்பளம்தான் இல்ல." விட்டுவிடுவதுதானே என்று கேட்டால் பதிலாகப் பெருமூச்சுதான் வரும். கூடவே, "வேற யாரு செய்வா?"

யாரும் செய்ய வராததற்குக் காரணம் உண்டு. இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வயதாகிக் கையும் கண்ணும் பேச்சுக் கேட்காமல் போனவனிடம், "போதும், எறங்கு" என்று யாரும் நேரில் சொல்லமாட்டார்கள். தடத்தில் தோளோடு தோள் உரசியவர்களுக்கு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் வராது. அதற்குப் பதிலாக, தள்ளுகிறவள் கொஞ்சம் மெதுவாகத் தள்ளுவாள். எண்ணெய் முள் எழும்பாது, என்ஜின் இருமிவிட்டு அடங்கிவிடும். ஒரு சுற்று தள்ளிப் பார்த்துவிட்டு ஓரங்கட்டுவார்கள். எல்லாரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "மேக்னெட்டோ ஈரமாயிடுச்சு, பொறி வரல", "பழைய பெட்ரோல்" என்று ஆளாளுக்கு இரும்பைத் திட்டுவார்கள். ஓட்டினவனும் சேர்ந்து திட்டுவான். அடுத்த வருஷம் அவன் மடக்கு நாற்காலியோடு வந்து வேலியோரம் உட்கார்ந்துகொள்வான்.

ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சூழ்ச்சி தெரியாது என்று தள்ளுகிறவர்கள் நம்புகிறார்கள். ரஸ்ஸல் எபர்லிக்குத் தெரியவில்லை என்றுதான் தோன்றியது. அவனை அப்படி இறக்கிவிட்ட வருஷம், கிறிஸ்துமஸுக்கு அவன் வெல்டாவுக்கு ஒரு தகர டப்பா நிறையச் சாக்லேட் அனுப்பினான். "அவ்வளவு பாடுபட்டுத் தள்ளினாயே, நன்றி" என்று அட்டையில் எழுதியிருந்தது. வெல்டாவால் ஒரு துண்டுகூட வாயில் வைக்க முடியவில்லை. அந்த டப்பாவைத் தபால்காரனுக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருஷம் காலையில் பழைய வண்டிச் சங்கத் தலைவன் கிளார்க், இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவளுடைய டிரக்குக்கு வந்தான். கையில் காப்பியும் டோனட்டும். டோனட்டைப் பார்த்ததுமே வெல்டா வாயிலிருந்த விதையைக் குவளையில் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து தின்பண்டம் கொண்டுவந்தால் அது நல்லதுக்கில்லை.

"டுவேன் எப்படி இருக்காரு?" என்றான் கிளார்க்.

"அதோ நிக்கிறான். போய்க் கேளேன்."

டுவேன் அவள் புருஷன். எண்பத்து மூன்று வயது. தூரத்தில் தன் நீல வண்டியின் மூக்கை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், குழந்தைக்குச் சளி துடைக்கிறவனைப் போல.

"இல்ல... ஜூலையில நடந்தது..."

"நானும் அங்கதான் இருந்தேன் கிளார்க்."

ஜூலையில் ஒத்திகை. தடத்தில் ஒரு வண்டி நின்றுவிட, எச்சரிக்கைக்கு மஞ்சள் கொடி காட்டினார்கள். எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள். டுவேன் குறைக்கவில்லை. இரண்டு வண்டிகளுக்கு நடுவில், ஒரு வண்டி மட்டுமே நுழைகிற இடைவெளியில் பாய்ந்து போனான். திரும்பி வந்ததும் "எந்தக் கொடி?" என்று கேட்டான். கண்ணில் கோளாறு இல்லை. நடுநடுவே ஒரு நொடி அவன் எங்கோ போய்விடுகிறான். வீட்டில் காப்பி ஊற்றும்போது போவான், கோப்பை நிறைந்து மேஜையில் வழியும். மேஜையைத் துடைத்துவிடலாம். இன்றைக்குத் தடத்தில் அவனுக்கு முன்னால் போகப்போகிறவன் லீராய். அவன் பேரப்பிள்ளைகள் வேலியோரம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொன்னா கேப்பாரு" என்றான் கிளார்க்.

"நான் சொல்லி அவன் எதைக் கேட்டிருக்கான்? சாப்பாட்டு மேஜையில கார்புரேட்டரை வைக்காதேன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன்."

 கிளார்க் குரலைத் தாழ்த்தினான். "அப்போ... கொஞ்சம் மெதுவா தள்ளிடுங்களேன், வெல்டா."

"மூணு பேரும் நல்லவங்களா இருந்துக்கோங்க. பழி மேக்னெட்டோவுக்கு, பாவம் எனக்கு" என்றாள். அவர்கள் திரும்பியதும், "டோனட்டை வச்சுட்டுப் போங்க" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டாளே தவிரத் தின்னவில்லை.

கிளம்புமுன் ஒருமுறை நேராகக் கேட்டுப் பார்த்தாள். டுவேன் ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி உள்ளே வைத்து, வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தின் வாரை மாட்ட விரல்கள் வரவில்லை. வெல்டா குனிந்து மாட்டிவிட்டாள்.

"டுவேன், இந்த வருஷம் வேற யாராவது ஓட்டட்டுமே."

"யாரு, கிளார்க்கா? புல்வெட்டுற மெஷினையே வேலியில கொண்டுபோய்ச் சொருகினவன்."

"நான் வெளையாடல."

"நீ என்னைக்குடி வெளையாடுன?" சிரித்தான். "எத்தனை தடவ தள்ளியிருப்ப என்னை? ஒரு தடவகூட பிடிக்காம போனதில்ல. போ, போய் உன் லாரியில ஏறு."

பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். போதும், இறங்கு என்பது நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. கிளார்க்கைக் கோழை என்று மனதில் திட்டியது ஞாபகம் வந்து, தன் மேலேயே அலுப்பாக இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு டிரக்கில் ஏறினாள்.

பம்பர் ஒட்டியது. பிடரியைப் பார்த்தாள். வெயிலில் வெந்து சுருங்கிய, அவளுக்கு மனப்பாடமான பிடரி. விறைக்கவில்லை, வியர்க்கவில்லை. அவன் கையைத் தூக்கி, தள்ளு என்றான்.

மெதுவாகத்தான் தள்ளினாள். முதல் வளைவு வரைக்கும், ரஸ்ஸலைத் தள்ளிய அதே நடை வேகம். புருஷனிடம் அவள் கோபத்தை மறைத்ததில்லை, அலுப்பை மறைத்ததில்லை, அவன் அம்மாவின் சமையலைப் பற்றி நினைத்ததைக்கூட மறைத்ததில்லை. இதை மறைக்க வேண்டியிருக்கும். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவன் மேக்னெட்டோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எங்கே கோளாறு என்று தேடுவான். அவள் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாளைக்கும் தேடுவான். பனிக்காலம் முழுக்கத் தேடுவான். கோளாறு கிடைக்காது.

இரண்டாம் வளைவைத் தாண்டியதும் அவளுடைய கால் அவளைக் கேட்காமலே அழுத்தியது. அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். செத்தால் சாகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக அப்போதே கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டாள். டிரக் உறுமியது. நேர்த் தடத்தில் தூசி கிளம்பியது. எந்தச் சண்டி வண்டியும் பிடித்துக்கொள்கிற வேகம் வந்துவிட்டது. அவனுடைய என்ஜின் உள்ளே நன்றாகச் சுழல்வது பம்பர் வழியாக அவள் உள்ளங்கால்வரை தெரிந்தது. இனி ஒரு சுவிட்ச்தான். ஒதுங்குவதற்குத் தயாராக பிரேக் மேல் காலைக் கொண்டுபோய், இருமலுக்குக் காத்திருந்தாள்.

இருமல் வரவில்லை.

மறுபடி அழுத்தினாள். மூன்றாம் வளைவும் வந்துவிட்டது. டிரக்கின் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். எண்ணெய் முள் எழும்பி நின்றது அங்கிருந்தே தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே சுவிட்ச், தட்டப்படாமல் கீழ்நோக்கிக் கிடந்தது. டுவேனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. எங்கோ போய்விட்டானோ என்று ஹாரனை அழுத்தினாள். எங்கும் போகவில்லை. கேட்டது என்பதுபோல் தலையை அசைத்தான். சுவிட்ச் பக்கம் மட்டும் கை போகவில்லை.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வழக்கமும் தெரியும், டோனட்டும் தெரியும், அவள் முதலில் மெதுவாகத் தள்ளியதும் தெரியும். பிறகு அவளால் முடியாமல் போனதும் தெரியும். அவள் விட்ட வேலையை அவனே முடிக்கிறான்.  வெல்டாவுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கை ஒழியவில்லை.

நான்காம் வளைவு முடிகிற இடத்தில், தடத்தை விட்டு உள்ளே திரும்புகிற வாயில். அங்கே கிளார்க் நின்றுகொண்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, இப்படி வந்துவிடுங்கள் என்று இரண்டு கைகளாலும் அழைத்தான். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர், மேக்னெட்டோவைத் திட்டத் தயாராக இருந்தார்கள்.

டுவேன் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்தான். திரும்பிப் பார்க்காமலே அதைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஒற்றை விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான்.

வெல்டா வேகத்தைக் குறைத்தாள். ஒட்டிய பம்பர் விலகாமல், கிளார்க்கைப் பார்க்காமல், அந்த வாயிலைத் தாண்டி அவனை இன்னொரு சுற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.