கிட்டங்கிக் குழாயும் வேகாத பருப்பும்

1. மடித்த இலை

பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கம் மடித்தால் சமையல்காரனுக்கு நிம்மதி. எதிர்ப்பக்கம் மடித்தால் அது துக்க வீட்டுச் சாப்பாடு. எங்கள் மேலாள் வள்ளியப்ப அண்ணன் அன்று மத்தியானம் முழுப் பந்தியும் பார்க்க இலையை எதிர்ப்பக்கம் மடித்தார். அதில் நான் ஊற்றிய பருப்பு அப்படியே கிடந்தது.

"கருப்பையா, ஒன் கை கெட்டுப் போச்சுப்பா. வர்ற கப்பல்ல ஊருக்குப் பொறப்படு" என்றார்.

கிட்டங்கி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் நீளமான மாடி வீடு. கீழே பெட்டியடி என்ற கணக்குப் பெட்டிகளை வைத்து வட்டிக்கடை, மேலே படுக்கை, பின்கட்டில் சமையல். மேலாள்தான் அங்கே பெரியவர். அவருக்குக் கீழே அடுத்தாள்கள், பையன்கள். எல்லாரும் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு வீடு என்று சொல்ல இருந்தது சோறு மட்டும்தான், அந்தச் சோறு என் பொறுப்பு.

நான் காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்திகளில் கரண்டி பிடித்துவிட்டுக் கப்பல் ஏறினவன். 'பருப்பு வேகவைக்கத் தெரியாதவன்' என்ற பெயரோடு திரும்பினால் அங்கே எவன் என்னை அடுப்படிக்குள் விடுவான்? ஈப்போவிலும் ரங்கூனிலும்கூடக் கதவு அடைத்துவிடும். செட்டியார்களுக்குள் பேச்சு கப்பலை முந்திக்கொண்டு போகும். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா?

2. புது வீட்டுப் பவிசு

அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாங்கள் அதே தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு மாறியிருந்தோம். வீட்டைப் பார்த்து முடித்தவர் மேலாள். சலவைக்கல் தரை, அகலமான மாடிப்படி எல்லாம் இருந்தாலும் அவர் வாய் ஓயாமல் சொன்னது அடுப்படிக் குழாயைத்தான். பழைய வீட்டில் ரோட்டுப் பைப்பிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் சுமந்து வர வேண்டும். இங்கே திருகினால் அடுப்பு ஓரத்திலேயே கொட்டும். வந்த விருந்தாளிகளை எல்லாம் பின்கட்டுக்கு அழைத்து வந்து, அவரே திருகிக் காட்டுவார். எனக்கும் சந்தோஷம்தான். தோள்வலி போயிற்றே.

பருப்பு மட்டும் முரண்டு பிடித்தது. மஞ்சள் போட்டேன், விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஊறவைத்துப் பார்த்தேன். விறகை வாரி இறைத்தேன். அது கல்லுக்குண்டாகவே கிடந்தது. ஆப்பசோடாப் போட்டால் குழையும், ஆனால் வாயில் வைக்க வழங்காது. அந்தக் குறுக்குவழி எனக்கு ஆகாது. மார்க்கெட் ஸ்திரீட் மளிகைக்காரரிடம் போய்ப் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர் என்று சண்டை பிடித்து மூட்டையை மாற்றினேன். புது மூட்டையும் அதே லட்சணம்தான்.

இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. அவரவர் வேட்டியை அவரவர் முதலில் அலசிப் போடுவார்கள். சவுக்காரம் நுரைக்காமல் திரிதிரியாய் ஒட்டியது. சவுக்காரக் கடைக்காரனைத் திட்டினார்கள். அப்புறம் டோபி வீரன் எடுத்துப்போய் ஆற்றில் வெளுத்துக் கொண்டு வந்தாலும் பழுப்பு போகவில்லை. அவன் கைதான் சரியில்லை என்று மேலாள் வேலையை விட்டு நிறுத்தினார். காப்பிக் கெண்டிக்குள் வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியது. துலக்கத் துப்பில்லை என்று அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன். ஆளாளுக்கு ஒரு ஆள் மேல் குற்றம். குழாயை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

3. தண்ணீர்மலையில்

இலை மடித்த அந்த வாரத்தில்தான் கார்த்திகை வந்தது. தண்ணீர்மலைக் கோயிலில் அன்னதானம். சமையலுக்குக் கிட்டங்கி ஆட்கள் போவது வழக்கம். கப்பல் ஏறுமுன் முருகனுக்கு ஒரு வேளை சமைத்துவிட்டுப் போவோம் என்று நானும் போனேன். அங்கே பருப்பு பற்றவில்லை. எங்கள் மூட்டையிலிருந்தே கொண்டுவரச் சொல்லி, மலை அருவித் தண்ணீர் உலையில் போட்டேன்.

அரிசி களைந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பருப்பு மலர்ந்து குழைந்து கிடக்கிறது. கரண்டியை வைத்தால் வெண்ணெய்.

கரண்டியும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன். பருப்பு அதே பருப்பு. கையும் அதே கை. மாறியிருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

திரும்பி வந்ததும் வீட்டுச் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயிடம் வேலை பார்க்கும் முனியனைப் பிடித்தேன். எங்கள் குழாய்க்குத் தண்ணீர் இறங்கும் மாடித் தொட்டிக்கு விடிகாலையில் பம்ப்பு அடிப்பவன் அவன்தான். தொட்டிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்றேன்.

"இந்தா, பின்னால இருக்கிற கெணத்துலேருந்துதாண்ணே. மாடிக்கு ரோட்டுப் பைப்பு ஏறாதுலா. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தான்.

அவன் எதையும் மறைக்கவில்லை. குழாயில் வந்தால் அதுவும் ரோட்டுப் பைப்பில் வரும் மலைத் தண்ணீர்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். கடலோரத்துக் கிணறு, உப்பும் சுண்ணாம்பும் ஊறின தண்ணீர். அதைத்தான் இத்தனை நாளும் விருந்தாளிகளுக்குத் திருகிக் காட்டினோம்.

4. இரண்டு அடுப்பு

மேலாளிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தேர்ந்தெடுத்த வீடல்லவா.

"பைப்புத் தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதான். வேலை தெரியாதவன்தான் சாக்குச் சொல்லுவான்" என்றார்.

"அப்ப ஒரு அடுப்புல ரோட்டுத் தண்ணி, ஒண்ணுல கொழாய்த் தண்ணி வச்சா ரெண்டுலயும் ஒரே மாதிரி வேகணும்லண்ணே. நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க. ரோட்டுத் தண்ணியிலயும் வேகலைன்னா நானே மூட்டையைக் கட்டிக்கிறேன்" என்றேன்.

ரோட்டுப் பைப்பில் ஒரு குடம் பிடித்து வந்தேன். இரண்டு அடுப்பு, இரண்டு பானை, ஒரே மூட்டைப் பருப்பு. கிட்டங்கியே பின்கட்டில் கூடிவிட்டது. மேலாள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் துளிப் பயம் இல்லை.

ரோட்டுத் தண்ணீர்ப் பருப்பு குழைந்து கொதித்தது. குழாய்த் தண்ணீர்ப் பருப்பு உருண்டுகொண்டே இருந்தது. மேலாள் இரண்டிலும் ஒவ்வொரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினார். ஒன்று மசிந்தது, ஒன்று வழுக்கி ஓடியது. எழுந்துபோய்க் குழாயைத் திருகிச் சவுக்காரம் போட்டுக் கைகழுவினார். நுரை வரவில்லை. மறுபடி தேய்த்தார். திரிதிரியாய்த்தான் வந்தது.

அன்றைக்குப் பந்தியில் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பருப்பு வாளியோடு போய் அவர் முன்னால் நின்றேன். ஊற்றவில்லை. பந்தியில் சொன்ன சொல்லைப் பந்தியில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அவருக்குப் புரிந்தது.

"கருப்பையா கையில குத்தம் இல்ல. நான் பாத்துப் பாத்து எடுத்தேனே, அந்தக் கொழாயிலதான் குத்தம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

ஊற்றினேன். மறுசோற்றுக்கும் பருப்பையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தன் பக்கம் மடித்தார்.

எனக்கு அத்தோடு மனசு ஆறவில்லை. "அந்த டோபி வீரன்கிட்டயும் சொல்லிடுங்கண்ணே. அவனும் என்னை மாதிரிதான்" என்றேன். மேலாள் யாரையும் அனுப்பவில்லை. பழுப்பேறிய வேட்டியோடு அவரே ரிக்ஷா ஏறி வீரன் வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து சமையலுக்கும் துணிக்கும் ரோட்டுத் தண்ணீர். தரை கழுவ மட்டும் குழாய். என் தோள்வலி திரும்பி வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிற்பாடு எத்தனையோ அடுப்படிகளில் நின்றுவிட்டேன். புது இடத்துக்குப் போனால் முதலில் தண்ணீரைத்தான் வாயில் ஊற்றிப் பார்ப்பேன். யாராவது ஆளை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்றால் ஒன்று மட்டும் கேட்பேன்: ஒரே வீட்டில் சமையல்காரன் கை, டோபி கை, சவுக்காரக் கடைக்காரன் கை, எல்லாம் ஒரே மாதத்தில் எப்படியப்பா கெட்டுப் போகும்?