குழாய்க்குள் ரொட்டி

காலை ஏழு மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது, தெருக்குழாயிலிருந்து குடத்தோடு படியேறி வந்த என் மனைவியை. அவளுக்கு எட்டாம் மாதம்.

எங்கள் அலிப்பூர் வீட்டு அடுக்களையில் செம்புக் குழாய் மூட்டு விட்டு நான்கு நாளாகியிருந்தது. குழாய் ரிப்பேர் செய்யும் மிஸ்திரியை அடுக்களைக்குள் விட்டால் மடி போய்விடும் என்றார் அண்ணா. நானும் தலையாட்டினேன். ஈயம் வாங்கி நானே மூன்று முறை பற்றவைத்தேன். மூன்று முறையும் உதிர்ந்தது.

அன்று ரஹீம் மிஸ்திரியை உள்ளேயே அழைத்து வந்தேன். குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உள்ளே தண்ணி கசியுது பாபு. ஈரக் குழாய் சூடேறாது, ஈயம் எப்படி ஒட்டும்? கொஞ்சம் பாவ்ரொட்டி, அதான் பேக்கரி ரொட்டி, வாங்கிட்டு வாங்க. அடைச்சா தண்ணி நிக்கும். அப்புறம் ரொட்டி தானே கரைஞ்சு போயிடும்."

அண்ணா எழுந்து வந்தார். "கண்டவா சுட்ட ரொட்டி, நாம குடிக்கிற தண்ணியிலயா? நானும் உன் மன்னியும் இனிமே இந்தாத்துல சாதம் தொடமாட்டோம்."

"தொட வேண்டாம், அண்ணா," என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. கடைக்குப் போய் வாங்கிய ரொட்டியை மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு தெருவழியே வந்தேன்.

மிஸ்திரி அதைப் பிசைந்து குழாய்க்குள் திணித்துத் தீயைக் காட்டினார். ஈயம் உருகி மூட்டைச் சுற்றி ஓடிப் பிடித்துக்கொண்டது.

என் மனைவி நான்கு நாள் குடம் சுமந்ததற்கு என் தலையாட்டல்தான் காரணம். அதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

குழாயைத் திறந்தது மன்னி. முதலில் ரொட்டித் துகள் வந்தது, பிறகு தெளிந்த நீர். அதிலேயே உலை வைத்தாள்.

அன்று அண்ணா மட்டும் சாப்பிடவில்லை.