நான் குடித்த பிராந்தி

பேய் பார்த்தேன் என்று எவனாவது வந்தால் அவனை முதலில் லாக்கப்பில் உட்கார வை என்கிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் இது நடந்தது, நீங்கள் சிரித்தாலும் சரி.

எண்பதுகளில் ஏற்காடு மலையில் கான்ஸ்டபிளாக இருந்தேன். மலைப்பாதையில் யாராவது விழுந்து செத்தால், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை ஒரு போலீஸ்காரன் பிணத்துக்குக் காவல் இருக்க வேண்டும். சோறு கிடையாது, மாற்றாள் கிடையாது. அதனால் காவலுக்குப் போகிறவன் பையில் ஸ்டேஷன் ரைட்டரே ஒரு குவார்ட்டர் பிராந்தியைச் செருகி அனுப்புவார், அது எங்கள் வழக்கம். போலீஸ்காரன் குடிக்கிறான் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் வந்து அங்கே உட்காரட்டும், அப்புறம் பேசட்டும்.

அன்று கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே கிடந்தவர் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி. துணி போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டப்பகலிலேயே பனி இறங்கி எதிரே எதுவும் தெரியவில்லை. பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். நம்பினால் நம்புங்கள், தொண்டையில் எரிச்சலே இல்லை, பச்சைத் தண்ணீர் மாதிரி இறங்கியது. ரைட்டர் ஏமாற்றிவிட்டாரே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குடிக்காக ஏற்கனவே எனக்கு மெமோ கொடுத்தவர், இன்னொரு தடவை சிக்கினால் வேலை போய்விடும்.

"ஊதுய்யா."

ஊதினேன். வாடை இல்லை. பிணத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். செத்தவர் வாயிலிருந்து குப்பென்று அடித்தது பிராந்தி.

"குடிச்சுட்டு உழுந்திருக்கான். அப்படியே எழுதிக்க."

மேலே ரோட்டில் மேஸ்திரியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு அதத் தொட்டதே இல்லீங்க! செத்தவரு பேரக் கெடுக்காதீங்க!"

எனக்குப் பொறுக்கவில்லை. போனால் போகட்டும் இந்த வேலை! காலி பாட்டிலை நீட்டினேன். "ஐயா, குடிச்சது நானுங்க."

"உன் வாயில வாடையே இல்லியே? பாட்டில் பொணத்துகிட்ட கெடந்துச்சுன்னு அதையும் சேத்து எழுது."

கத்தினேன், சண்டை போட்டேன். எழுதியது எழுதியதுதான்.

அன்றோடு குடியை நிறுத்தினேன். பயத்தில் இல்லை, ரோஷத்தில். என் குடி இன்னொரு செத்த மனிதன் தலையில் விழக் கூடாது. வருஷக்கணக்கில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் என்னை முறைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடுகிறார். போன மாதம் அப்படி எழுந்து போனது என் மனைவி.