ஒரு ரேஸ் வண்டிக்காக மயிலாப்பூரிலிருந்து கிண்டி வரை

நம் ஆபீஸ் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை மகாபலிபுரம், ஏற்காடு, திருப்பதி என்று பயணக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நான் அவ்வளவு தூரமெல்லாம் போனதில்லை. இந்த வருஷம், 1974, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர், அடையாறு வழியாகக் கிண்டிக்குப் போனேன். மொத்தம் பதினாறு கிலோமீட்டர். பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி மாற்றிக் கட்டும் ஆசை உள்ளவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இது உபயோகப்படலாம்.

என் அண்ணன் ராஜு கிண்டித் தொழிற்பேட்டையில் டர்னர். இரண்டு வருஷத்துக்கு முன் ஓடாமல் கிடந்த ஒரு நூற்றைம்பது சி.சி. வண்டியை வாங்கினான். வண்டிக்கு அவனைவிட வயது அதிகம். ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை அதன் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்தான். தாழ்ந்த ஹேண்டில், நீளமான டேங்க், ஒருவர் மட்டும் குனிந்து உட்காரும் சீட். அந்த ஊர்ப் பையன்கள் காபிக் கடைக்குக் காபிக் கடை இதில்தான் பறப்பார்களாம், அதனால் கஃபே ரேசர் என்று பெயராம். "நம்மூர்ல இதுக்கு டீக்கடை ரேசர்" என்றான் அண்ணன்.

மார்ச் மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். இருபத்தாறு வயது.

வண்டியின் சட்டமும் எஞ்சினும் கிண்டியில் ஒரு ஷெட்டில் இருந்தன. அண்ணனும் அவன் சிநேகிதர் பாஷாவும் வேலை முடிந்து அங்கேதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யும்படி ஷெட்காரர் சொல்லிவிட்டார். பாஷா அண்ணனுக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட். "சாமான் மூணும் மூணு கடைல கீது தங்கச்சி. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடு, ஞாத்திக்கெழம பூட்டிடறேன். உருண்டா வண்டி, உருளலேன்னா இரும்பு. காயலான் கடைக்குத்தான் போவும்" என்றார்.

அப்பாவை அனுப்ப முடியாது. அண்ணனுடைய சட்டைகளையே அவர் இன்னும் தொடவில்லை. மேலும் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும். அண்ணன் எழுதி வைத்திருந்த குறிப்பை எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. "முதலில் சீட். அப்புறம் ஹேண்டில். இரண்டையும் எடுத்துக்கொண்டு டேங்க்குக்குப் போக வேண்டும்" என்று எழுதியிருந்தான். ஏன் அந்த வரிசை என்று எனக்குத் தெரியவில்லை.

காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினேன். சீட் தைக்கும் கடை லஸ் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நடந்து பன்னிரண்டு நிமிஷம். கடையில் நான்கைந்து ஸ்கூட்டர்காரர்கள் நின்றிருந்தார்கள். எனக்கு ஆண்கள் கூட்டத்தில் பேசவே வராது. சீட் தைப்பவர் என் உயரத்தைப் பார்த்ததுமே யார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"ராஜு தங்கச்சியா? இன்னாம்மா, அவன் வர்லியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஊருக்குப் போயிருக்கு" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. அதுதான் வாயில் வந்தது.

"ஊருக்கா? எனுக்குச் சொல்லாமயா? வந்தவொடன வந்து உக்காந்து பாக்கச் சொல்லு. ஸ்பாஞ்சு பத்தலேன்னா ஏத்திக்கலாம்." கறுப்பு ரெக்ஸின், பின்னால் மாட்டுத் திமில் போல ஒரு மேடு. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

தியாகராய நகருக்கு பஸ் இருபது பைசா, நாலரை கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ரங்கநாதன் தெருப் பக்கம் பொட்டலத்தோடு நடப்பது கஷ்டம். முன்னதாகப் போவது நல்லது. முலாம் பூசும் கடை பின்சந்தில் இருக்கிறது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"எங்கெம்மா ஒங்கண்ணன்? ஆளையே காங்கலயே! ஆட்டுக்கொம்பு கணக்கா வளைச்சுக் கொண்டாந்து, 'அண்ணாச்சி, மொகம் தெரியணும்'னான். இந்தா பாரு, தெரியுதா?"

ஹேண்டிலை என் முகத்துக்கு நேரே பிடித்தார். குரோமியத்தில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. "ஊருக்குப் போயிருக்கு" என்று மறுபடி சொன்னேன். இந்தத் தடவை யாரும் சுற்றி நிற்கவில்லை. சொல்லியிருக்கலாம்.

"வந்ததும் ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லு தாயி. அவன் மொகத்த அதுல பாக்கணும்லா."

அடையாறு பஸ்ஸில் இருபத்தைந்து பைசா. சைதாப்பேட்டை வழியாகச் சுற்றி ஆறு கிலோமீட்டர் இருக்கும். உட்கார இடமில்லை. ஹேண்டிலைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, டிரைவருக்கு ஸ்பேர் ஸ்டியரிங்கா?" என்றதும் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மார்ச்சுக்குப் பிறகு சிரித்தது அன்றுதான் என்று அப்புறம் ஞாபகம் வந்தது.

டிங்கர் ஆறுமுகத்தின் கொட்டகை பஸ் ஸ்டாப்பிலிருந்து மணல் ரோட்டில் பதினைந்து நிமிஷ நடை. (செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது உத்தமம்.) போய்ச் சேரும்போது பன்னிரண்டு. பின்னாலேயே வீடு. தகட்டில் புதிதாகச் செய்த டேங்க், இரண்டு மர ஸ்டாண்டுகளின் மேல் இருந்தது. சீட்டையும் ஹேண்டிலையும் வாங்கி, டேங்க்குக்குப் பின்னாலும் முன்னாலும் பொருத்தினார். எஞ்சினும் சக்கரமும் இல்லாமலே ஒரு வண்டியின் உருவம் வந்துவிட்டது.

"ராஜு எங்க?"

"ஊருக்குப் போயிருக்கு. டேங்க்கைக் குடுத்தீங்கன்னா..."

"எப்பிடிம்மா குடுப்பேன்? ரெண்டு பக்கமும் முட்டிக்குக் குழி தட்டணும். உக்கார்ற எடமும் புடிக்கிற எடமும் தெரிஞ்சாத்தான் முட்டி எங்க வரும்னு தெரியும். ஆள் உக்காராம நான் தட்ட மாட்டேன். சட்ட தைக்கிறவன் ஆளப் பாக்காம தைப்பானா? அவன் ஊர்லேர்ந்து வரட்டும்."

வரிசை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. டேங்க் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி உருளாது. திங்கட்கிழமை எல்லாம் இரும்பு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நானும் அண்ணன் உயரந்தான். நான் உக்காரட்டுமா?"

அவர் என்னையும் என் புடவையையும் பார்த்தார். கூச்சப்பட்டது அவர்தான். "கன்னிம்மா, இங்க வா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். "நீ அந்தாண்ட திரும்பி நில்லுய்யா. பொம்பளப் புள்ள ஏறி உக்கார்றப்போ பாத்துக்கினு நிக்கிற!"

புடவையைக் கொசுவித் தூக்கிக் கொண்டு ஏறினேன். ஹேண்டில் வெகு தூரத்தில் இருந்தது. முதுகை வளைத்து, கையை நீட்டி, மார்பு டேங்க்கைத் தொடுகிற மாதிரி குனிந்தால்தான் எட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்தே உயரத்தை மறைக்கக் கூன் போட்டே நடப்பவள் நான். அந்த வண்டியில் அப்படித்தான் உட்கார வேண்டும்.

கன்னியம்மா என் முழங்கால் படுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு ஒரு கணம் யோசித்தார். "உங்கண்ணன் காலு உன் கால விட ரெண்டு வெரல் நீளமா இருக்கும்மா. ஆம்பளக் காலு. ரெண்டு வெரல் முன்ன தள்ளித் தட்டச் சொல்லட்டா? இல்லேன்னா அவன் வந்து உக்காந்தா இடிக்கும்."

"அண்ணன் வராதுங்க" என்றேன். "செத்துப்போச்சு."

வீட்டிலும் ஆபீசிலும் 'தவறிட்டார்', 'இல்லை' என்றுதான் சொல்வோம். இந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. குனிந்தபடியே, டேங்க்கைப் பார்த்துச் சொன்னேன்.

ஆறுமுகம் திரும்பவில்லை. "எப்போ?" என்று கேட்டார்.

"மார்ச்ல."

"மூணு மாசமா அவன திட்டிக்கினு கீறேன்மா. டேங்க்குக்குச் சொல்லிட்டு ஆளே வர்லியேன்னு. நேத்துகூட திட்னேன்."

கன்னியம்மா என் முதுகில் கையை வைத்தார். ஆறுமுகம் கேட்டார்: "யாருக்குத் தட்டட்டும், சொல்லு."

பாஷா அண்ணன்தான் ஓட்டப்போகிறார், அவருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். "அண்ணனுக்கே தட்டுங்க" என்றேன். கன்னியம்மா ஏன் என்று கேட்கவில்லை. கோட்டை முந்தானையால் அழித்துவிட்டு, இரண்டு விரல் முன்னால் தள்ளிப் போட்டார்.

தகட்டைச் சூடு பண்ணி, தட்டி, தண்ணீர் ஊற்றி ஒழுகல் பார்க்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கன்னியம்மா சோறு போட்டார். அங்கிருந்து கிண்டி ஐந்து கிலோமீட்டர். மூன்று சாமானோடு பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோ மூன்று ரூபாய். நாலரைக்கு ஷெட்டில் இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு வண்டி முழுசாக நின்றது. சுவரில் இருந்த படத்துக்கும் அதற்கும் பெயிண்ட் ஒன்றுதான் வித்தியாசம். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பாஷா அண்ணன் ஏறினார். அவர் என் தோள் உயரம். அண்ணனையும் என்னையும் நிறுத்திவைத்து நடுவில் தோரணம் கட்டலாம் என்று அவர் கேலி பேசுவதுண்டு. டேங்க் மேல் பல்லி மாதிரி நீட்டிப் படுத்தும் விரல் நுனிதான் ஹேண்டிலுக்குப் போயிற்று. முழங்கால் குழிக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. தெருமுனை வரை போய், கால்களை ஊன்றி ஊன்றித் திருப்பிக்கொண்டு வந்தார்.

"பறக்குது தங்கச்சி. ராஜு கட்ன வண்டி, பறக்காம இருக்குமா? ஆனா எனுக்கு எட்ல. திருப்பத்துல உழுந்துடுவேன்." எஞ்சினை நிறுத்தாமலே கேட்டார். "பழைய ஹேண்டில மாட்டிக்கட்டா? பழைய டேங்க்கும் கீது. நீ வாணாம்னா வாணாம்." பழைய டேங்க் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த உயரமும் அந்தக் கையும் காலும் உள்ள ஒருவனுக்காகவே அளவெடுத்துக் கட்டிய வண்டி அது. ஓடத்தான் வேண்டுமென்றால் அது இன்னொரு வண்டியாகத்தான் ஓட வேண்டும். "மாட்டிக்குங்க" என்றேன். ஸ்பேனரை எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்பு சரியாக நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவிடம் ஞாயிறுதோறும் வருவதாகச் சொல்லச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

இந்தப் பயணம் போகிறவர்களுக்கு: சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சீட், ஹேண்டில், டேங்க் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஓட்டப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர முடியாது என்றால், ஏன் என்பதை முதல் கடையிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் அடுத்த சனிக்கிழமை லஸ்ஸுக்கும் தியாகராய நகருக்கும் மறுபடி போனேன். சீட் தைப்பவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சி கடையை விட்டிறங்கித் தெருவில் வந்து நின்றார்.

ஒரு தடவை சொல்லிவிட்டோமே, அந்தச் சொல் இனிமேல் சுலபமாக வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை.